கடைக்காரர் அச்சடித்த தேதி சட்டமா?

போன இதழில் கிஃப்ட் வவுச்சர் பற்றி வந்த ஒரே ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன்: காசு கொடுத்து வாங்கிய வவுச்சரும் கடை சும்மா கொடுத்த கூப்பனும் ஒன்றல்ல என்று. அதற்குப் பிறகு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், வீட்டுக்கு வீடு மேசை இழுப்பறையில் ஒரு செத்துப்போன வவுச்சர் கிடக்கிறது போலிருக்கிறது. இந்த முறை பகுதி முழுக்க அதற்கே. புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பதினொரு வருடம் ஒரு பெரிய கடையின் வாடிக்கையாளர் சேவை கவுன்ட்டரில் நின்றவள். "இது காலாவதி ஆகிவிட்டது" என்று சொல்வதே அங்கே எனக்குப் பாதி வேலை. பிறகுதான் நுகர்வோர் ஆலோசனைக்கு, அதாவது எதிர்ப்பக்கத்துக்கு, வந்து சேர்ந்தேன்.

*அம்மா, 2021இல் என் மைத்துனர் ஒரு புத்தகக் கடையின் கிஃப்ட் சர்டிஃபிகேட் கொடுத்தார். 50 டாலர், காகிதத்தில் கையால் எழுதியது. "ஓராண்டு மட்டும் செல்லும்" என்று முத்திரை. இப்போதுதான் கையில் அகப்பட்டது. கடையில் முடியாது என்கிறார்கள். அமெரிக்காவில் ஐந்து வருடம் செல்லும் என்று சட்டமே இருக்கிறது என்கிறான் மகன். — கலிஃபோர்னியா வாசகர்*

மகன் சொல்வது சரிதான், ஆனால் உங்கள் காகிதத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பதற வேண்டாம், வேறொன்று பொருந்துகிறது.

மகன் சொல்வது 2009இல் நிறைவேறிய கிரெடிட் கார்டு சட்டத்தோடு வந்த விதி. கிஃப்ட் கார்டு பற்றிய பகுதி 2010 ஆகஸ்ட் 22 அன்று அமலுக்கு வந்தது. விற்ற நாளிலிருந்தோ கடைசியாகப் பணம் ஏற்றிய நாளிலிருந்தோ ஐந்து வருடத்துக்குள் பணம் காலாவதி ஆகக்கூடாது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பயன்படுத்தாமல் கிடந்தால்தான் 'சும்மா கிடந்த கட்டணம்' பிடிக்கலாம், அதுவும் மாதம் ஒரு முறைக்கு மேல் கூடாது, முன்கூட்டியே தெளிவாக எழுதியிருக்கவும் வேண்டும். ஆனால் வெறும் காகிதத்தில் மட்டுமே வழங்கப்படுகிற சர்டிஃபிகேட்டை இந்த விதி விட்டுவிட்டது. இது பலருக்குத் தெரியாது. கவுன்ட்டரில் நின்ற காலத்தில் எனக்கும் தெரியாது.

உங்களைக் காப்பாற்றுவது உங்கள் மாநிலச் சட்டம். கலிஃபோர்னியாவில் காசுக்கு விற்ற கிஃப்ட் சர்டிஃபிகேட்டுக்குக் காலாவதி தேதியே வைக்கக் கூடாது. காகிதமா பிளாஸ்டிக்கா என்ற பேதம் அங்கே இல்லை. ஆக, அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்தது, கெட்டுப்போகும் உணவுப் பொருளுக்கானது என்று சில விலக்குகள் உண்டு. புத்தகக் கடை அதில் வராது. இன்னொன்றும் கேளுங்கள். புத்தகம் வாங்கிய பிறகு மிச்சம் 10 டாலருக்குக் குறைவாக இருந்தால் அதை ரொக்கமாகத் தரச் சொல்லலாம். 2026 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 15 டாலர்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணிடம் சண்டை போடாதீர்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பதிலை அவள் சொல்கிறாள். எங்கள் மேலாளரின் இழுப்பறையில் புது வவுச்சர் கட்டு ஒன்று தயாராக இருக்கும். சத்தம் போட்டவர்களுக்கு அது கிடைக்காது, "சிவில் கோட் 1749.5" என்பது போலச் சட்டப் பிரிவின் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி அமைதியாக நீட்டியவர்களுக்குக் கிடைக்கும். உங்களுக்கு வேண்டிய எண்ணும் அதேதான். எழுதிக்கொண்டு போங்கள்.

*தங்கச்சி, மகள் எனக்கு ஒரு ஸ்பாவில் "ஒரு மணி நேர மசாஜ்" என்று வவுச்சர் எடுத்துத் தந்தவள். ஆறு மாதத் தவணை. முழங்கால் வருத்தத்தால் போக ஏலவில்லை. ஒன்ராறியோவில் கிஃப்ட் கார்டுக்குத் தவணையே இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் தர மாட்டன் என்கிறார்கள்? — ஒன்ராறியோ வாசகி*

அக்கா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 2007 அக்டோபர் 1 முதல் ஒன்ராறியோவில் கிஃப்ட் கார்டுக்குக் காலாவதி தேதி போடக் கூடாது. தேதி போட்டு விற்றாலும் அது இல்லாததாகவே கருதப்படும், கார்டு செல்லும். ஆனால் "ஒரு மணி நேர மசாஜ்" என்று எழுதியதுதான் உங்களுக்கு வினையாகிவிட்டது. குறிப்பிட்ட ஒரு பொருளுக்கோ சேவைக்கோ என்று எழுதிய கார்டுகளை அந்த விதி விட்டுவிட்டது. அதே ஸ்பாவில் "100 டாலர்" என்று எழுதி வாங்கியிருந்தால் எத்தனை வருடம் கழித்துப் போனாலும் கதவைத் திறந்தாக வேண்டும். ஸ்பாக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். சேவையின் பெயரை எழுதி விற்பதில் அவர்களுக்கு அவ்வளவு ஆர்வம்.

வவுச்சரை இன்னொரு தரம் புரட்டிப் பாருங்கள். எங்காவது ஒரு டாலர் தொகை அச்சாகியிருந்தால், அல்லது மகளிடம் இருக்கும் ரசீதில் "கிஃப்ட் கார்டு, இத்தனை டாலர்" என்று பதிந்திருந்தால், வாதாட இடம் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால் உரிமை என்று கேட்க முடியாது, தயவாகக் கேட்கலாம். கட்டிய தொகையை இன்றைய விலையில் கழித்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மசாஜ் மேசை வெறுமையாகக் கிடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டால் நடக்கும்.

பல கடைகளில் செல்லும் 'மால்' கார்டு வேறு சாதி. அதற்கு விற்கும்போது 1.50 டாலர் வரை கட்டணம் வாங்கலாம், பதினைந்து மாதத்துக்குப் பிறகு மாதம் 2.50 டாலர் வரை பிடிக்கலாம். வங்கி வெளியிடும் ப்ரீபெய்டு கார்டுகள் மாகாணத்தின் கையில் இல்லை, கனடா மத்திய அரசின் விதிக்கு உட்பட்டவை. 2014 மே முதல் அவற்றில் உள்ள பணம் காலாவதி ஆகக் கூடாது. பிளாஸ்டிக்குக்குத் தேதி இருக்கும், பணத்துக்கு இருக்காது. கார்டின் தேதி முடிந்துவிட்டதென்று குப்பையில் போடாதீர்கள்.

*ஜெர்மனியில் வாங்கிய வவுச்சரில் "12 மாதம்" என்று போட்டிருக்கிறது. 2023 மார்ச்சில் வாங்கியது. சட்டம் என்ன?*

தேதியே எழுதாத வவுச்சர் அங்கே மூன்று வருடம் செல்லும். அந்த மூன்று வருடத்தை வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, வாங்கிய ஆண்டின் கடைசி நாளிலிருந்து எண்ணுவார்கள். 2023 மார்ச்சில் வாங்கியது 2026 டிசம்பர் 31 வரை. கடை தன் நிபந்தனையில் ஒரே வருடம் என்று சுருக்கினால் பெரும்பாலும் நீதிமன்றம் ஏற்பதில்லை; ஆன்லைன் கடை ஒன்றின் ஓராண்டு நிபந்தனையை 2008இல் மியூனிக் மேல் நீதிமன்றம் செல்லாது என்றது. அயர்லாந்தில் 2019 டிசம்பர் முதல் குறைந்தது ஐந்து வருடம். முழுத் தொகையையும் ஒரே தடவையில் செலவழித்தாக வேண்டும் என்ற நிபந்தனைக்கும் அங்கே தடை. பிரிட்டனில் இப்படி எந்தக் குறைந்தபட்சமும் இல்லை, கடை எழுதியதுதான்.

*ஆஸ்திரேலியாவில் மூன்று வருடம் சட்டம் என்கிறார்கள். சோபா வாங்கியபோது கொடுத்த 100 டாலர் கிஃப்ட் கார்டு 60 நாளில் முடிந்துவிட்டது. புகார் செய்யலாமா?*

முடியாது. 2019 நவம்பர் 1 முதல் இருக்கும் மூன்று வருட விதி காசுக்கு விற்ற கார்டுக்கு. நீங்கள் காசு கொடுத்தது சோபாவுக்கு, கார்டு விளம்பரத்துக்குக் கொடுத்தது. நியூசிலாந்திலும் 2026 மார்ச்சிலிருந்து மூன்று வருடம். அங்கும் சோபாவோடு வந்த கார்டுக்கு இதே கதிதான்.

*பல கடைகளில் செல்லும் கிஃப்ட் கார்டு, 3,000 ரூபாய். தேதி முடிந்து நாலு மாதம் ஆகிறது. "எங்கள் பாலிசிப்படி பணம் போய்விட்டது" என்று மின்னஞ்சல் வந்தது. நண்பன் கொடுத்த பரிசு என்பதால் எனக்கு வழக்குப் போட உரிமை உண்டா? — இந்தியாவிலிருந்து ஒரு வாசகர்*

முதலில் கார்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் வெளியிட்டவர் யார் என்று பாருங்கள். பூதக்கண்ணாடி தேவைப்படும்.

அங்கே ஒரு வங்கியின் பெயரோ, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற ப்ரீபெய்டு நிறுவனத்தின் பெயரோ இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டு விதிகள் பொருந்தும். கிஃப்ட் கார்டின் உச்ச வரம்பு 10,000 ரூபாய். குறைந்தது ஒரு வருடம் செல்ல வேண்டும். முடிவதற்கு முந்தைய 45 நாட்களில் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் இதற்கு அடுத்ததில் இருக்கிறது: வங்கியல்லாத நிறுவனம், தேதி முடிந்து மூன்று வருடம் ஆகும்வரை மிச்சப் பணத்தைத் தன் லாபக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தேதிக்குப் பிறகு வைத்திருப்பவர் கேட்டு வந்தால் வங்கிக் கணக்கில் திருப்பித் தர வேண்டும். "பணம் போய்விட்டது" என்பதற்கு இடமே இல்லை. இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வரும் பதிலின் தொனியே மாறியிருக்கும்.

ஒரே கடை, தன் கடைக்கு மட்டும் வெளியிட்ட வவுச்சர் என்றால் ரிசர்வ் வங்கி அதைக் கண்டுகொள்வதில்லை. அப்போது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதில்தான் பதில்: வாங்கியவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும், சேவையின் பயனை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான். ரசீதை மட்டும் நண்பரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். முதலில் 1915 உதவி எண்ணில் சொல்லுங்கள். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு நுணுக்கம்: "இந்த ஒப்பந்தமே நியாயமற்றது" என்று எழுதினால் அது மாநில ஆணையத்துக்குப் போகிற விஷயம். 3,000 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் வேண்டாம். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று எழுதுங்கள்.

*கடையே திவாலாகிவிட்டால்? சட்டம் என்ன செய்யும்?*

பெயர் போடாமல் ஒரே வரியில் வந்த கேள்வி. இதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் வவுச்சர் வாங்கும் நாளில் கடைக்குப் பணம் வருகிறது, பொருள் போவதில்லை. கணக்குப் பிரிவில் அதை வருமானமாக எழுத முடியாது, கடனாகத்தான் எழுதுவார்கள். யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று எதிர்பார்க்கும் பங்குக்கு 'பிரேக்கேஜ்' என்று பெயர். அது கொஞ்சம் கொஞ்சமாக வருமானப் பக்கம் நகரும். அதாவது வவுச்சரைப் பர்ஸில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கடைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர். கடை நன்றாக நடக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. மூழ்கும்போதுதான் கடன்காரர்களின் வரிசை போடுவார்கள். அடமானம் வைத்துக்கொண்ட வங்கி முன்னால் நிற்கும். நீங்கள் ஈடில்லாத கடன்காரராகக் கடைசியில்.

நடந்தவற்றைப் பாருங்கள். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஷார்ப்பர் இமேஜ் திவால் மனு கொடுத்ததும் கிஃப்ட் கார்டுகளை ஏற்பதை நிறுத்தியது. அடுத்த மாதம் மறுபடி ஏற்றார்கள், ஆனால் கார்டின் தொகையைப்போல் இரண்டு மடங்குக்குப் பொருள் வாங்கினால்தான். 2013 ஜனவரியில் பிரிட்டனின் ஹெச்எம்வி இசைக் கடைகள் நொடித்துப்போய்த் திவால் நிர்வாகியின் கைக்குப் போனபோது முதலில் செல்லாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் செல்லும் என்றார்கள். 2016 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டிக் ஸ்மித் மின்னணுக் கடைகளில் செல்லாது என்றார்கள், கடைசிவரை அப்படியே. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் டாய்ஸ் ஆர் அஸ் மூடப்போவதாகச் சொன்னபோது முப்பது நாள் அவகாசம் தந்தார்கள். நாலு கடை, நாலு விதி. மூன்று வருடம், ஐந்து வருடம், காலாவதியே இல்லை என்று மேலே எழுதியவை எல்லாம் உயிரோடு இருக்கும் கடைக்குத்தான்.

எங்கள் கடை மூடிய வாரம் நான் கவுன்ட்டரில் இருந்தேன். திங்கட்கிழமை காலை மேலாளர் ஒரு தட்டச்சுத் தாளை ஒட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்: வவுச்சர்கள் ஏற்கப்படமாட்டா. மதியம் ஒரு பெரியவர் வந்தார். ரப்பர் பேண்டு போட்ட நாலு கார்டு. பணி ஓய்வுக்கு அவரோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்தது. குளிர்சாதனப் பெட்டி வாங்க வேண்டும் என்று ஒரு வருடமாக எடுத்து வைத்திருக்கிறார். தாளைக் காட்டினேன். படித்தார். "இது உங்க கடை கார்டுதானே அம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கடை திறந்துதானே இருக்கு?" அதற்கும் ஆமாம். பின்னால் பார்த்தால் வரிசையாகக் குளிர்சாதனப் பெட்டிகள், விலைச்சீட்டோடு. அவர் ஒருமுறை அவற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கார்டுகளை மறுபடி ரப்பர் பேண்டில் மாட்டிக்கொண்டு போனார். அந்த மாதமே நான் வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

செய்யக்கூடியது என்ன? கடை தள்ளாடுகிறது என்று செய்தி கேட்ட அன்றே போய் எதையாவது வாங்கிவிடுங்கள். பிடித்த பொருள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூடிவிட்டால், கார்டு வாங்கியது கிரெடிட் கார்டிலா என்று கொடுத்தவரைக் கேளுங்கள். அவர் தன் வங்கியிடம் 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தைத் திருப்பி வாங்கித் தரும்படி கேட்கலாம், அதற்குக் காலக்கெடு உண்டு. மூடிய கடையின் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் கலைப்பு அதிகாரியிடம் கடன்காரராகப் பெயர் கொடுத்து வையுங்கள். அமெரிக்காவில் கிஃப்ட் கார்டை முன்பணம் போலக் கருதி வரிசையில் சற்று முன்னால் நிறுத்தலாமா என்பதில் நீதிமன்றங்களே ஒன்றுக்கொன்று முரண்பட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. எதிர்பார்ப்பைக் குறைவாகவே வைத்திருங்கள்.

*வரி அலுவலகத்திலிருந்து என்று சொல்லி ஒருவர் பேசினார். பாக்கியைக் கிஃப்ட் கார்டில் கட்டச் சொன்னார். இரண்டு கார்டின் எண்ணைப் போனில் படித்துக் காட்டிவிட்டேன்.*

பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு இப்போதே கூப்பிடுங்கள். பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் முடக்கச் சொல்லலாம். கார்டையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள், போலீசில் எழுதிக் கொடுங்கள். எந்த நாட்டிலும் எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்குவதில்லை. வெட்கப்படாதீர்கள்: 2023இல் மட்டும் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் இப்படி இழந்ததாக மக்கள் சொன்ன தொகை 21.7 கோடி டாலர். எண்ணைச் சுரண்டிப் படித்துவிட்டுக் கார்டை மறுபடி அலமாரியில் தொங்கவிடும் திருட்டும் நடக்கிறது. இதற்காகவே மேரிலாந்து மாநிலம் 2024இல் பிரிக்க முடியாத உறையில் விற்கும்படி சட்டம் போட்டது. உறை கிழிந்த கார்டை வாங்காதீர்கள்.

*இவ்வளவு எழுதுகிற நீங்கள் யாருக்காவது கிஃப்ட் கார்டு கொடுப்பதுண்டா, அம்மா?*

கொடுப்பேன். என்ன பிடிக்கும் என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள் எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார்கள். சேவையின் பெயரை எழுதவிடாமல் தொகையை எழுதி வாங்குவேன். கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்வேன். உறைக்குள் ரசீதையும் சேர்த்து வைப்பேன். போன முறை என் அக்கா பார்த்துவிட்டு, "பரிசோட ரசீது வைப்பாங்களாடி, விலை தெரிஞ்சுபோகாதா?" என்று முகத்தைச் சுளித்தாள். கார்டு மேலேயே கொட்டை எழுத்தில் தொகை போட்டிருப்பதைக் காட்டினேன்.